பழைய சட்டமும் புதிய ஒட்டும்

ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரையொன்று வரைக எனப் பேராசிரியர் பணித்தபோது, சிறப்புத் தமிழ் பயிலும் நாம் சங்கச் செய்யுளைப் பற்றியோ, காப்பியத் தலைவியரைப் பற்றியோ எழுதுவோமென்றே உடன் பயில்வோர் எதிர்பார்த்தனர். நாமும் அவ்வாறே கருதியிருந்தோம். ஆயின், சென்ற கோடை விடுமுறையில் நாற்பது நாட்கள் நம் கைகளில் ஒட்டியிருந்த கிரீசும் துருவும், ஏட்டைத் திறக்குந்தோறும் நினைவில் எழுந்து வேறொன்றையும் எழுதவொட்டாமல் தடுத்தன. ஆதலின், பழைய பிக்கப் வண்டி ஒன்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிய வரலாற்றையும், அதன்வழி நம் குடும்பம் அறிந்துகொண்ட ஓர் உண்மையையும் இங்கு எழுதத் துணிந்தோம். பொருள் சிறிதென இகழாது அன்பர்கள் பொறுமையுடன் படிப்பார்களாக.

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் இறங்கிக் கரிசற் காட்டு வழியே சிறிது தொலைவு நடந்தால் நம் சிற்றூரை அடையலாம். திருச்சுழி, ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டில் பிறந்த ஊராதலின் பலரும் அறிவர். அண்மையிலுள்ள மண்டபசாலையை, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷனார் ஊழிய நிலையம் அமைத்த ஊராதலின் நம் திருச்சபையார் அறிவர். இப்பகுதியில் ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே காட்சியளிக்கும். கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நோக்கிக் கிடக்கும். பருத்தியும் மல்லியும் மிளகாயும் கம்பும் சோளமும் மழை பெய்தால் விளையும். பெய்யாவிடில் சீமைக் கருவேலம் ஒன்றே விளையும். அம்மரத்தை வெட்டித் தூரோடு அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போட்டு, மூட்டைகளாகக் கட்டி விற்பது இங்குப் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. நம் சித்தப்பாவுக்கும் அதுவே பிழைப்பு. கரியும் மல்லியும் சந்தை சேரவேண்டுமாயின் வண்டி வேண்டும்; வண்டி நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

நம் வீட்டு வண்டி, பாட்டனார் 1978ஆம் ஆண்டில் அரசாங்க ஏலமொன்றில் எடுத்தது. எஃப்.சி. 150 என்பது அதன் பெயர். ஜீப்பைச் செய்த வில்லிஸ் நிறுவனத்தார் அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வகை வண்டியை வெளியிட்டனர். ஓட்டுநரின் கேபினை எஞ்சினுக்குப் பின்னால் வைக்காது அதன் மேலேயே தூக்கி வைத்தமையால், வண்டியின் நீளம் குறைவாயிருப்பினும் சுமை ஏற்றும் தொட்டிக்கு மிகுந்த இடம் கிடைத்தது. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு 81 அங்குலமே. நான்கு சக்கரங்களும் இழுக்கும். ஆற்று மணலிலும் மழைக்காலக் கரிசற் சேற்றிலும் பிற வண்டிகள் புதையுமிடத்தில் இது ஊர்ந்து வெளியேறும். மகிந்திரா நிறுவனத்தார் 1965ஆம் ஆண்டு முதல் இதனை இந்நாட்டிலேயே செய்யலாயினர். தட்டை மூக்கும் பெரிய கண்ணாடியும் உடைய இவ்வண்டியைக் கண்டு, நம் ஊர்ச் சிறுவர் 'மொட்டை ஜீப்பு' என்று பெயரிட்டனர். பள்ளியில் பிற பிள்ளைகள் தம் தந்தையரின் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது, நாம் மொட்டை ஜீப்பைப் பற்றிப் பேசிச் செருக்கடைந்ததுண்டு.

வண்டியை வாங்கியபடியே ஓட்டுவது நம் நாட்டார் இயல்பன்று. தம் நிலத்திற்கும் தொழிலுக்கும் ஏற்ப அதனை மாற்றிக் கட்டுதலே இயல்பு. அடிச்சட்டமும் எஞ்சினும் ஓரிடத்தில் பிறக்க, கூண்டு வேறோரிடத்தில் பிறக்கும். கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுதலும், திருச்செங்கோட்டில் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிக்கும் கட்டுதலும் பெருந்தொழில்களாக வளர்ந்தமை அன்பர்கள் அறிந்ததே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் (1939–1945) பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது, டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தார், வண்டிகளைக் கரியால் ஓட்டுதற்குரிய வாயுக்கலங்களைச் செய்தளித்தனர். உருளை வடிவான இரும்புக் கலத்தில் மரக்கரியை நிரப்பி, போதிய காற்றுப் புகாதவாறு எரித்தால், கரி முற்றும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் எரிவாயுவைத் தரும். அதனைக் குளிரச்செய்து, சாம்பலை வடிகட்டி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் செலுத்துவர். பெட்ரோலில் ஓடும்போதுள்ள வலிமை இதில் இராது. மேட்டில் ஏற வண்டி திணறும். காலையில் கலத்தை மூட்டிக் காத்திருந்தே புறப்படவேண்டும். ஆயினும் வண்டிகள் ஓடின. பாட்டனாரின் தகப்பனார் அக்காலத்தில் ஒரு பஸ்ஸில் கிளீனராயிருந்து, விடியுமுன் எழுந்து கலத்திற்குக் காற்றூதியவர். இன்று மூட்டையாக ஏற்றிச் செல்லும் கரியே அன்று வண்டியை இழுத்தது என்று பாட்டனார் நமக்குப் பலமுறை கூறியுள்ளார். வண்டியை மாற்றும் ஆசை அவருக்கு அங்கிருந்தே வந்திருத்தல் வேண்டும்.

ஏலத்தில் எடுத்த வண்டியையும் அவர் சும்மா விடவில்லை. தொட்டியின் பக்கங்களுக்கு உயரப் பலகை வைத்தார். பின் அச்சின் ஸ்பிரிங் கட்டில் இரண்டு பட்டைகளைக் கூட்டினார். பெட்ரோல் எஞ்சின் பணத்தைக் குடிக்கிறதென்று 1986ஆம் ஆண்டில் டீசல் எஞ்சினை இறக்கி, அன்று நடைமுறையிலிருந்த 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவுப் புத்தகத்தில் எழுதிவாங்கினார். அவர் இறைவனடி சேர்ந்த பின்னர் வண்டி மூன்றாண்டுகள் வேப்பமரத்தடியில் நின்றது. தொட்டியின் தகடு துருவேறி உதிர்ந்தது. கோழிகள் கேபினுக்குள் அடைகாத்தன. பழைய இரும்புக்காரர் இருமுறை வந்து எடைக்கு விலை பேசிச் சென்றார். அப்பத்தா இருமுறையும் இசையவில்லை.

சென்ற சித்திரையில் சித்தப்பா ஒரு முடிவுக்கு வந்தார். புது வண்டி வாங்கக் கடன்படுவதைவிட மொட்டை ஜீப்பையே செப்பனிடுவது நன்று. ஆயின், தொட்டியை இரண்டடி நீட்டி, ஸ்பிரிங் பட்டைகளை மேலும் கூட்டினால் ஒரே நடையில் இரு நடைக்குரிய கரியை ஏற்றலாம் என்பது அவர் கணக்கு. கரி கனத்தினும் பருமனில் மிகுந்த பொருளாதலின் அக்கணக்கில் நியாயமுண்டு என்றே நமக்கும் தோன்றிற்று. கூலிக்கு ஆள் வைப்பானேன், விடுமுறையில் நாமே உதவியாளாக நிற்போமென்று கூறி, வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து அருப்புக்கோட்டையிலுள்ள பட்டறையொன்றிற்குக் கொண்டு சேர்த்தோம்.

பட்டறை மேஸ்திரியார் அறுபது வயது கடந்தவர். மாட்டுவண்டிக்குச் சக்கரம் செய்த தச்சர் குடும்பத்தில் பிறந்து, மாட்டுவண்டிகள் அருகியபின் லாரித் தொட்டிக்கு வந்து, மரத்தோடு இரும்பையும் பழகியவர். சித்தப்பாவின் திட்டத்தை அவர் முழுதும் கேட்டார்; மறுமொழி கூறவில்லை. "முதலில் தொட்டியை இறக்குவோம் அண்ணாச்சி. அடியில் இருப்பதைப் பார்க்காமல் மேலே கட்டுவதைப் பேசக்கூடாது," என்றார்.

தொட்டியை இறக்கவே நான்கு நாட்களாயின. போல்ட்டுகள் துருவோடு ஒன்றாகி, சாவிக்கு இடங்கொடாமல், வெட்டுளிக்கே இடங்கொடுத்தன. ஐந்தாம் நாள், சேஸிஸ் என்று வழங்கும் அடிச்சட்டம் வெயிலில் வெறுமையாய் நின்றது. முன்னிருந்து பின்வரை இரண்டு நெடுஞ்சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். ஏணியைப் படுக்க வைத்தாற்போன்ற தோற்றம். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து வருகையில், வலப்புற நெடுஞ்சட்டத்தில், பின் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்குமிடத்திற்குச் சற்று முன்னே, சதுரமான தடித்த தகடு ஒன்று சுற்றிலும் வெல்டிங் செய்யப்பட்டிருக்கக் கண்டோம். அதன் விளிம்பையொட்டி மற்றொரு தகடு, முதல் தகட்டின்மேல் பாதி ஏறி நின்றது. அவ்விடத்தில் சட்டம் விரற்கடை அளவு தாழ்ந்தும் இருந்தது.

மேஸ்திரியார் குனிந்து நெடுநேரம் பார்த்தார். மண்ணெண்ணெயை நனைத்த துணியால் அவ்விடத்தைத் தடவி, பின்னர் உலரத் துடைத்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவச் சொன்னார். சில நிமிடங்களில், வெண்பொடியின்மேல் மயிரிழை போன்ற கருங்கோடு ஒன்று தானே எழுந்தது. வெடிப்பினுள் புகுந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து பொடியை நனைத்தமையால் தோன்றிய கோடு அது. இரண்டாம் தகட்டின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி இரண்டங்குலம் ஓடியிருந்தது.

"தம்பி, இரண்டு தடவை ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு தடவையும் ஒட்டின் ஓரத்திலேயே வெடித்திருக்கிறது," என்றார் மேஸ்திரியார். பின்னர் அவர் விளக்கிய பாடத்தை நாம் இயன்றவாறு எழுதுகின்றோம். வண்டி ஓடும்போது சட்டம் சிறிதளவு வளைந்தும் முறுக்கியும் கொடுக்கும். கொடுப்பதனாலேயே அது முறியாமல் நிற்கிறது. ஓரிடத்தில் தடித்த தகட்டை வைத்துச் சுற்றிலும் உருக்கி ஒட்டிவிட்டால் அவ்விடம் வளையாது. வளையாத இடமும் வளையும் இடமும் சந்திக்கும் கோட்டில் வருத்தமனைத்தும் குவியும். தகடு எவ்வளவு தடிப்போ அவ்வளவு விரைவில் அதன் ஓரத்தில் சட்டம் வெடிக்கும். ஒட்டியவர் வலிமை சேர்த்ததாகவே எண்ணியிருப்பார், சேர்த்தது வலிமையன்று.

பழைய ஆடையில் புதிய துணியை ஒட்டுவதைப் பற்றி நம் ஆண்டவர் அருளிய உவமையை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். ஒட்டிய துண்டினாலேயே கிழிசல் பெரிதாகும் என்பதை அந்நாள்வரை தையற்காரர்க்குரிய செய்தியாகவே எண்ணியிருந்தோம். அருப்புக்கோட்டைப் பட்டறையின் வெயிலில், சுண்ணாம்புப் பொடியின்மேல் எழுந்த கருங்கோட்டில் அதனைக் கண்ணால் கண்டோம்.

அன்றிரவு வீட்டுத் திண்ணையில், கண்டதை அப்பத்தாவிடம் கூறினோம். அப்பத்தா வெற்றிலையை மடித்தபடியே கேட்டிருந்தவர், மடித்ததை வாயிலிடாமல் கீழே வைத்தார். "அதையும் பார்த்துவிட்டீர்களா அய்யா?" என்றார். பின்னர், சித்தப்பாவும் அதுகாறும் அறியாத ஒன்றைக் கூறலானார்.

1983ஆம் ஆண்டு. முந்திய ஆண்டு மழை பொய்த்துத் தமிழ்நாடெங்கும் பெருவறட்சி நிலவிய காலம். ஊர்க் கிணறுகள் வற்ற, தொலைவிலுள்ள தோட்டக் கிணறொன்றிலேயே நல்ல நீர் இருந்தது. பாட்டனார் மொட்டை ஜீப்பில் பீப்பாய்களை ஏற்றி நீர் கொண்டுவந்தார். ஏழை வீடுகளுக்கு இலவசமாகவும், இயன்றவர் வீடுகளுக்குக் கூலி பெற்றும் ஊற்றினார். பீப்பாய் ஒன்றுக்கு 200 லிட்டராக ஆறு பீப்பாய்கள். நீரின் எடை மட்டும் 1,200 கிலோ. வண்டிக்குரிய சுமையோ ஒரு டன்னுக்கும் குறைவு. சிலநாளில் சட்டத்தில் வெடிப்புக் கண்டது. வெல்டிங் செய்தவர், மூன்று பீப்பாய்க்கு மேல் ஏற்றாதீர்கள் என்று எச்சரித்தே அனுப்பினார். பாட்டனார் ஒரு வாரம் மூன்றே ஏற்றினார். மூன்றினால் ஊர் முழுமைக்கும் போதவில்லை. குடத்தோடு நின்ற பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினர். எட்டாம் நாள் மீண்டும் ஆறு ஏற்றினார். "மழை வரும்வரை தாங்கும் என்றார் உன் தாத்தா," என்றார் அப்பத்தா.

மழை வருமுன் ஓடையிறக்கத்தில் சட்டம் தாழ்ந்தது. தொட்டி ஒருபுறம் சாய, கயிறு அறுந்து, பீப்பாயொன்று உருண்டு, பின்னே நின்றுவந்த சுமைக்காரரின் காலில் விழுந்தது. அவருக்கு அப்போது வயது இருபது. கால் பிழைத்தது, நடை பிழைக்கவில்லை. கயிற்றை இறுகக் கட்டாததே காரணமென்று ஊரார் பேசினர். கட்டியவர் அவரேயாதலின் அவரும் அதனையே நம்பினார். இரண்டாம் தகட்டை வைத்து வண்டியை ஓட்டிய பாட்டனார், அன்றுமுதல் ஆண்டுதோறும் அறுப்பு முடிந்ததும் அவர் வீட்டிற்கு ஒரு மூட்டைத் தானியம் அனுப்பி வந்தார். அதனை நாமெல்லாம் பாட்டனாரின் தருமசிந்தை என்றே எண்ணியிருந்தோம். கயிற்றின்மேல் குற்றமில்லை என்பதை மட்டும் அவர் சாகும்வரை சொல்லவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சபையில் மூப்பராயிருந்து, ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்ந்த பாட்டனாரையும், மனத்தில் சதுரத் தகடொன்றை ஒட்டிக்கொண்டு நாற்பதாண்டுகள் வாழ்ந்த பாட்டனாரையும் ஒருவராகக் காண்பது அரிதாயிருந்தது. அவர் தாகத்திற்கு நீர் கொணர்ந்ததும் மெய். எச்சரிக்கையை மீறியதும் மெய். தம் பிழையைப் பிறன் ஒருவன் சுமக்கவிட்டதும் மெய். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைக்க நாம் விரும்பவில்லை.

மறுநாள் பட்டறையில் சித்தப்பா நீட்டுவதைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. மேஸ்திரியாரே எடுத்தார். சக்கரங்களின் இடைத்தொலைவு 81 அங்குலமேயுள்ள வண்டியில் தொட்டியைப் பின்னுக்கு இரண்டடி நீட்டினால், நீட்டியதெல்லாம் பின் அச்சுக்கு அப்பால் தொங்கும். அங்கு ஏற்றும் சுமை பின்புறத்தை அமுக்கி முன்புறத்தைத் தூக்கும். முன்சக்கரம் தரையில் இறுகப் பற்றாவிடில் திருப்புவதும் நிறுத்துவதும் நம் கையில் இரா. ஸ்பிரிங் பட்டையைக் கூட்டினால் ஸ்பிரிங் தாங்கும். சட்டமும் அச்சும் பிரேக்கும் தாங்குமென்று யார் சொன்னது? வில்லிஸ் நிறுவனத்தாரே முதலில் செய்த வண்டி அகலம் போதாதிருந்தமை கண்டு, 1958இல் இடவலச் சக்கரங்களின் இடையகலத்தைக் கூட்டினர். செய்தவரே திருத்தும்போது அச்சு முதல் அனைத்தையும் சேர்த்தே திருத்தினர். ஒன்றை மட்டும் கூட்டிவிட்டுப் பிறவற்றைக் கடவுளிடம் விடவில்லை.

அரசாங்கச் சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றலாகாதென்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019ஆம் ஆண்டு சனவரியில் கேரளத்து வழக்கொன்றில் அதனையே வற்புறுத்தியது. அடிச்சட்டத்திற்கும் அரசாங்கச் சட்டத்திற்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருப்பதை நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டும் கண்ணுக்குப் படாமல் அடியில் கிடந்து மேலுள்ளதைத் தாங்குவன. இரண்டும் முறிந்த பின்னரே நினைக்கப்படுவன.

சித்தப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். நீட்டாவிடில் வாரத்திற்கு இருமடங்கு நடை, இருமடங்கு டீசல். அவருக்குப் பெண்மக்கள் இருவர் படிக்கின்றனர். "சரி அண்ணாச்சி, பழைய அளவிலேயே கட்டுங்கள். அப்பா கூட்டிய பட்டை இரண்டையும் எடுத்துவிடுங்கள்," என்றார். அதனைச் சொல்லுதற்கு அவருக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதை, அவருடன் கணக்கெழுதிப் பழகிய நாம் அறிவோம்.

அதன்பின் வேலை விரைந்தது. பழைய தகடுகள் இரண்டையும் அரைத்து எடுத்தோம். வெடிப்பு முடியும் முனையில் சிறு துளையிட்டார் மேஸ்திரியார். கூரிய முனை உருண்டையாகிவிட்டால் வெடிப்பு மேலோடாது என்பது அதன் நோக்கம். தாழ்ந்திருந்த இடத்தை ஜாக்கியால் மெல்லத் தூக்கி, நெடுஞ்சட்டங்களின் மூலைகளுக்குக் குறுக்காக இருபுறமும் நூல் பிடித்து அளந்து, இரண்டளவும் ஒத்தபின்னரே ஒட்டலானார். வெடிப்பை இருபுறமும் சரிவாக அரைத்து, உலர்த்திய வெல்டிங் ராடால் அடிவரை நிரப்பி, மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்தார். அதற்குமேல், சட்டத்தின் உட்புறத்தில் சட்டத்தினும் தடிப்பு மிகாத நீண்ட தகடொன்றை வைத்தார். அதன் இரு முனைகளும் சதுரமாயில்லாமல் மீன்வாய் போலச் சரிவாக வெட்டப்பட்டிருந்தன. முனை சரிந்திருப்பின் வருத்தம் ஒரே கோட்டில் குவியாமல் சிறிது சிறிதாகப் பரவுமென்றார். சட்டத்தின் மேல் கீழ் விளிம்புகளில் துளையோ வெல்டிங்கோ கூடாதென்பதை அவர் கட்டளை போலவே சொன்னார்.

தொட்டிக்குக் குறுக்கு விட்டங்கள் நாட்டுக் கருவேலமரத்தில் செய்தோம். அக்காலத்தில் வண்டிச் சக்கரத்திற்கு உதவிய மரமது. தளத்திற்கு வேப்பம் பலகை. பக்கங்களுக்கு இரும்புத் தகடும் கோணச் சட்டமும். இரும்பின்மேல் இரும்பு உராயாதிருக்க அடிச்சட்டத்தின் மேல் நீள மரக்கட்டை வைத்து, அதன்மேல் தொட்டியை அமர்த்தி, யூ போல்ட்டுகளால் பிணைத்தோம். போல்ட் இறுகும்போது சட்டத்தின் விளிம்பு மடங்காதிருக்க உள்ளேயும் கட்டை செருகினோம். கேபினின் பள்ளங்களை டிங்கரிங் செய்து நிமிர்த்தி, பட்டி தேய்த்து, பழைய பச்சை வண்ணமே பூசினோம். உயரப் பலகை வைக்கவில்லை.

உளி பிடித்து நின்ற நாட்களில் வகுப்பில் பயின்ற புணர்ச்சி இலக்கணம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. சொல்லோடு சொல் சேரும்போது நிகழும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். பட்டறையிலும் இம்மூன்றே நிகழ்கின்றன. ஒன்றைச் சேர்க்கின்றனர், ஒன்றை வேறாக்குகின்றனர், ஒன்றை நீக்குகின்றனர். இலக்கணத்தில் இவை பேசுவோன் விருப்பப்படி நிகழ்வதில்லை. வருமொழியும் நிலைமொழியும் ஒன்றையொன்று தாங்குமாறே நிகழ்கின்றன. மாணவர் பலர் தோன்றலையே விரும்புகின்றோம். கெடுதலும் ஒரு விதியென்பதை மறக்கின்றோம். பாட்டனார் கூட்டிய இரு பட்டைகளை நீக்கியதே அவ்வண்டிக்கு நாங்கள் செய்த திருத்தங்களுள் முதன்மையானது.

வண்டி தகுதிச் சான்று பெற்ற மறுநாள், சித்தப்பா நம்மையும் ஏற்றிக்கொண்டு முதலில் சந்தைக்குச் செல்லவில்லை. அச்சுமைக்காரர் வீட்டிற்குச் சென்றார். அவர் இப்போது அறுபதைக் கடந்தவர். வேலியோரம் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் ஒலி கேட்டதும் எழுந்து, கோலை ஊன்றி வந்து, பச்சை வண்ணத்தைத் தடவிப் பார்த்தார். சித்தப்பா கட்டிலில் அமராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சட்டம் முன்னரே வெடித்திருந்ததையும், எச்சரிக்கை கிடைத்திருந்ததையும், தம் தகப்பனார் அதனை அறிந்திருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்து, தகப்பனாருக்காக மன்னிப்பும் வேண்டினார்.

பெரியவர் உடனே ஒன்றும் பேசவில்லை. அவர் முகத்தில் சினம் தோன்றுமோ என்று நாம் அஞ்சியிருந்தோம். அவர் கேட்டது ஒன்றே.

"அப்படியானால், கயிறு இல்லையா தம்பி?"

"கயிறு இல்லை அண்ணாச்சி. நீங்கள் சரியாகத்தான் கட்டியிருந்தீர்கள்."

அவர் தம் இரு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பின்னர் வண்டியின் பின்புறம் சென்று, குனிய இயலாமல் கோலை நீட்டி, அடிச்சட்டத்தை இருமுறை தட்டினார். "கனம் ஏற்றாதீர்கள்," என்று மட்டும் கூறினார். புறப்படும்போது உள்ளேயிருந்து சிறு பையில் உளுந்து கொணர்ந்து அப்பத்தாவிடம் கொடுக்கச் சொன்னார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இப்போது மொட்டை ஜீப்பு வாரத்திற்கு நான்கு நடை கரி ஏற்றுகிறது. சித்தப்பாவின் கணக்கில் மிச்சம் குறைவு, ஆயினும் கடனில்லை. அறுப்பின் பண்டிகைக்கு ஊரார் படைக்கும் மல்லியும் கம்பும் பூசணிக்காயும் இவ்வாண்டு அவ்வண்டியிலேயே ஆலயத்திற்குச் செல்லுமென்று அப்பத்தா எழுதுவித்த கடிதம் சென்ற வாரம் விடுதிக்கு வந்தது. முன்னிருக்கையில் யார் அமர்ந்து வரவேண்டுமென்பதையும் அவரே முடிவு செய்திருக்கின்றார்.

பழையதைத் திருத்த விரும்பும் நம்மனோர்க்கு, நம் கல்லூரியிலும் சபையிலும் மொழியிலும் வேலை மிகுதியாகக் காத்திருக்கின்றது. மேலே கட்டுவதைப் பேசுமுன் தொட்டியை இறக்கி அடியிலுள்ளதைக் காணும் பொறுமையையும், கண்டதை மறைக்காமல் உரியவரிடம் சென்று சொல்லும் துணிவையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.